அண்ணா போகாமல் விட்ட பத்து நாள்

முதலில் என் மடத்தனத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிறகு சொன்னால் அண்ணாவின் பெருமைக்குள் ஒளிந்துகொண்டான் என்பீர்கள். எனக்குக் குடியேற்றச் சட்டம் தெரியாது. ஒரு வரிகூடத் தெரியாது. ஆனால் நான் குடியிருக்கும் பிளானோவிலோ பக்கத்து ஆலனிலோ எந்த வீட்டில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்து நடந்தாலும், கையில் தயிர்சாதத் தட்டோடு நின்று விசாவுக்கும் கிரீன் கார்டுக்கும் தீர்ப்பு வழங்குபவன் நான்தான். என்னைக் கேட்ட பிறகே பலர் ஊருக்கு டிக்கெட் எடுப்பார்கள். தொழிலோ தொலைபேசிக் கருவிகள் செய்யும் கம்பெனியில் இன்ஜினீயர். சட்டத்தோடு எனக்கிருந்த ஒரே தொடர்பு, டோல்வே என்ற சுங்கச்சாலையில் வேகமாகப் போய் இரண்டு முறை போலீஸிடம் மாட்டியது. இந்த மேதையின் சொல்லைக் கேட்டு நடந்த ஒருவரைப் பற்றித்தான் இந்த நினைவு மலர்.

அண்ணா கோபிக்கு அருகே ஒரு சிற்றூரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்கு வயது பதினாறு, எனக்கு ஐந்து. அழத் தெரியாமல் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேனாம். பிறகு இருபது வருடம் அந்தச் சட்டையை விடவில்லை. அவர் சென்னையில் மருத்துவம் முடித்தார், என்னைப் படிக்க வைத்தார், அண்ணியை மணந்துகொண்டு பிரிட்டனுக்குப் போனார். பெரிய ஊர் வேலைகளை உள்ளூர் டாக்டர்கள் எடுத்துக்கொள்ள, யாரும் வேண்டாம் என்று தள்ளிய ஓர் இடம் அவருக்கு வந்தது. வேல்ஸ் நாட்டின் மலைமடிப்பு ஒன்றில் இருந்த கிராமம். அதன் பெயரை நான் எத்தனை முறை உச்சரித்தாலும் தும்மல் என்றே நினைத்து அண்ணா கைக்குட்டை நீட்டுவார். அதனால் இங்கே எழுதவில்லை. இரண்டு வருடத்துக்கு என்று போனவர் இருபத்தேழு வருடம் இருந்தார்.

தொண்ணூறில் நான் அங்கே போயிருந்தேன். ஒரே தெரு. சிலேட்டுக் கல் வேய்ந்த கூரைகள். சேப்பல் என்று அவர்கள் சொல்லும் ஒரு சிறிய தேவாலயம், மத்தியானத்தோடு மூடிவிடும் தபாலாபீஸ், ஒரு பால் வண்டி. மற்றதெல்லாம் மலைச்சரிவும் கல்சுவரும் மழையும்தான். அண்ணா வீட்டின் பின்கதவைத் திறந்தால் ஆறு. வடித்த தேநீர் நிறத்தில் கற்களின் மேல் சத்தமிட்டு ஓடும். ஆற்றைத் தாண்டினால் ஓக் மரக்காடு. ஏப்ரல் கடைசியில் அந்தக் காட்டின் தரை முழுக்கக் கணுக்கால் உயரத்துக்கு நீலப் பூக்கள் வரும். மூன்றே வாரம். அந்த மூன்று வாரமும் அண்ணா நோயாளிகளைப் பார்க்கக் காரில் போகமாட்டார். ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு காட்டு வழியாகவே நடப்பார். மேலே செம்பருந்து வட்டமிடும். நான் பின்னால் வழுக்கி வழுக்கிப் போனேன்.

"என்னுங்கண்ணா, மனுசங்களை விட ஆடு ஜாஸ்தியா இருக்குது! இங்க எப்படிங்க பொழுது போகுது?" என்றேன்.

"ஆடு வந்து அட்வைஸ் குடுக்காதுடா" என்றார்.

அந்தக் காட்டின் விளிம்பில்தான் எம்ரிஸ் என்ற ஆட்டுப் பண்ணைக்காரரின் வீடு. அண்ணாவைவிடப் பத்து வயது மூத்தவர். அந்த ஊருக்கு அண்ணா போன முதல் குளிர்காலத்தில், பனியில் புதைந்த டாக்டரின் காரை டிராக்டர் வைத்து இழுத்தவர். அன்று தொடங்கிய நட்பு. வருடத்தின் முதல் குயில் சத்தத்தை யார் முதலில் கேட்பது என்பதில் இருவருக்கும் போட்டி. தோற்றவர் ஜெயித்தவரை மலை உச்சிவரை கூட்டிப்போய், பிளாஸ்கில் கொண்டுபோன தேநீரை ஊற்றித் தர வேண்டும். வயது வந்த இரண்டு பேருக்கு இது ஒரு விளையாட்டா என்று சிரித்தேன். அண்ணி ஞாயிறுதோறும் சேப்பல் பாட்டுக் குழுவில் நின்றார். "நீங்களுங்களா அண்ணி?" என்று கேட்டதற்கு, "சாமிக்குக் காது ஒண்ணுதான் தம்பி" என்றார். அவர் அப்படித்தான், ஒரு வரிக்கு மேல் பேசமாட்டார்.

இப்படி இருந்தவர்களை நான் விட்டேனா? நான் இங்கே சிட்டிசன் ஆன வருடமே அண்ணாவுக்குக் கிரீன் கார்டு கேட்டு மனுப் போட்டிருந்தேன். அவரைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் அல்லவா! உடன்பிறந்தாருக்கான வரிசை நீளமானது. பதினோரு வருடத்துக்குப் பிறகு, சரியாக அவர் ஓய்வு பெற்ற சமயத்தில் எங்கள் முறை வந்தது.

"பதினோரு வருசம் கியூல நின்னுருக்கோம். வீணாப் போலாமுங்களா?" என்று போனில் கத்தினேன்.

"நான் எங்கடா நின்னேன்?" என்றார் அண்ணா.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களே, உங்களில் பாதிப்பேர் அன்று அவருக்குப் போன் செய்தீர்கள். நான் சொல்லித்தான் செய்தீர்கள். பிள்ளை இல்லாதவர், வயதான காலத்தில் தம்பி பக்கத்தில் இருக்க வேண்டாமா, கிடைக்காத கார்டு கிடைத்திருக்கிறதே என்றெல்லாம். பசித்தவன் தட்டில் விழ வேண்டிய லட்டை, சாப்பிட்டுக் கைகழுவியவர் வாயில் திணித்தோம். ஆற்றைப் பார்த்த அந்த வீட்டை விற்றுவிட்டு இருவரும் வந்தார்கள். "அஞ்சு வருசம். சிட்டிசன்ஷிப் வாங்கிட்டா அப்புறம் அங்கயே போய் எத்தனை மாசம் வேணாலும் இருந்துக்குங்க" என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

பிளானோ எவ்வளவு தட்டையான ஊர் என்பது எனக்கு அண்ணா வந்த பிறகுதான் தெரிந்தது. முதல் வாரத்தில் சாலையோரமாக நடந்து போனவரைப் போலீஸ் கார் நிறுத்தி, வண்டி பழுதாகிவிட்டதா என்று அக்கறையோடு விசாரித்தது. நடப்பதற்காக நடக்கிறேன் என்றதை அவர்கள் நம்பவில்லை. வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். அதன் பிறகு நம்மூர் மளிகைக் கடை இருக்கும் கடை வரிசையின் பார்க்கிங்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். என் காரில் வரும்போது மட்டும், டோல்வேயில் ஒரு மேம்பாலம் உண்டு, அதில் ஏறும்போது, "மெதுவாப் போடா. இந்த ஊர்ல மேடுன்னா இது ஒண்ணுதான்" என்பார். இதை எத்தனை பாட்லக்கில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்!

ஒவ்வொரு ஏப்ரலிலும் எம்ரிஸிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வரும். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, ஆடுகள் எத்தனை குட்டி போட்டன. கடைசியில், "குயில் வந்துவிட்டது. நீ வரவில்லை. ஆகவே நான்தான் ஜெயித்தேன்."

மூன்றாவது வசந்தத்தில் அட்டைக்குப் பதில் அவர் மகளின் கடிதம் வந்தது. அப்பாவுக்கு நுரையீரலில் புற்று, பூக்காலம் வரை இருப்பாரோ தெரியவில்லை, டாக்டர் எப்போது வருவார் என்று தினமும் கேட்கிறார் என்று எழுதியிருந்தாள். அண்ணா அதை எடுத்துக்கொண்டு அண்ணியோடு என் வீட்டுக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பத்து நாள் போயிட்டு வந்தர்றேன்டா."

"ஐயோ, வேண்டாமுங்கண்ணா! ஒரு நாள் நாட்டை விட்டு வெளிய போனாலும் அஞ்சு வருசக் கணக்கு முதல்ல இருந்து ஆரம்பிக்கும். மூணு வருசமும் வேஸ்ட். இன்னும் ரெண்டே வருசந்தானுங்களே."

"நிச்சயமாத் தெரியுமா?"

"நானே எத்தனை பேருக்குச் சொல்லிருக்கறேன்!"

அண்ணா கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பக்கத்தில் நின்ற அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பூக்கள் வந்த வாரத்தில் எம்ரிஸ் இறந்தார். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் நான், "ஆடுங்களுக்கெல்லாம் இன்னைக்கு லீவுங்களாண்ணா?" என்றேன். மனிதர் என் மனம் நோகக்கூடாது என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் இன்றுவரை வைத்திருக்கிறேன்.

ஐந்து வருடம் ஆயிற்று. அண்ணா சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பித்தார், அண்ணி தன் படிவத்தை நிரப்பவே இல்லை. நேர்காணலுக்கு நான்தான் காரில் கூட்டிப் போனேன். முடித்து வந்து காரில் உட்கார்ந்தவர் பாஸாகிவிட்டதாகச் சொன்னார். நான் ஸ்டியரிங்கில் தாளம் போட்டேன். ஃப்ரீவேயில் சேர்ந்த பிறகு மெல்லச் சொன்னார்.

"அஞ்சு வருசத்துல ஒரு ட்ரிப் கூடப் போகலையான்னு அந்த ஆபீசரம்மா கேட்டாங்க. போகக் கூடாதுன்னு தம்பி சொன்னான்னேன். சிரிச்சுட்டாங்க. ஆறு மாசத்துக்குள்ள திரும்பிட்டாப் பிரச்னை இல்லையாமா. பத்து நாளெல்லாம் ஒரு கணக்கே இல்லையாமா."

மேம்பாலம் வந்தது. பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தேன்.

"வேண்டாம். போ" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகும் அவர் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம். சின்ன வயதில் கணக்குத் தப்பாகப் போட்டால் தலையில் குட்டுவார். ஒரு குட்டுக் குட்டியிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஏப்ரல் கடைசிக்கு இருவருக்கும் டிக்கெட் எடுத்தார். மார்ச்சில் நெஞ்சுவலி வந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கடைசி நாள் மாலை, ஜன்னலுக்கு வெளியே பார்க்கிங் விளக்குக் கம்பத்தில் ஏதோ ஒரு பறவை கத்தியது. "அது குயில் இல்லை" என்று அண்ணியிடம் சொன்னார். மறுநாள் விடிந்ததும் அண்ணா போய்விட்டார்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பை எரியவிடாமல் முறை வைத்துச் சமைத்துக் கொண்டுவந்த ஆலன், பிளானோ குடும்பங்களுக்கும், மூன்று நாளும் உடனிருந்த டாக்டர் நண்பர்களுக்கும், நியூ ஜெர்சியிலிருந்து குழந்தைகளோடு ஓடிவந்த மைத்துனருக்கும், பவானி கூடுதுறையில் அஸ்தியின் ஒரு பாதியைக் கரைக்க உடன் வந்த உறவினர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். மறுபாதியை அண்ணி, அண்ணா எடுத்த அதே டிக்கெட்டில், நீலப் பூக்கள் வந்த வாரத்தில் அந்த ஆற்றுக்குக் கொண்டு போனார். கரையில் அந்த ஊரே நின்றதாம். அவர்களுக்கு எந்த மொழியில் நன்றி சொல்வதென்று தெரியவில்லை. என் ஆலோசனையின்படி நடந்துகொண்டிருப்பவர்கள் யாராவது இன்னும் இருந்தால், தயவு செய்து இன்றே நிறுத்திவிடவும்.

அண்ணி எம்ரிஸின் மகள் வீட்டில்தான் இருக்கிறார். வரும் ஏப்ரலோடு ஒரு வருடம் ஆகிறது. சும்மா இருக்க முடியுமா என்னால்? இந்த முறை நிஜமான வக்கீல் ஒருவரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, போன வாரம் அண்ணிக்குப் போன் செய்தேன். பின்னால் ஆற்றுச் சத்தம் கேட்டது.

"அண்ணி, ஒரு வருசம் முடியறதுக்குள்ள ஒரு தடவை வந்துட்டுப் போயிருங்க. இல்லாட்டி கார்டு போயிருமுங்க."

"போகட்டும், தம்பி."