எலுமிச்சைச் சாற்றில் கொடுவா மீன்

என் கணவர் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பாதி நாள் கடலில் கிடப்பவனுக்குப் பெண் கொடுக்கமாட்டேன் என்று அப்பா எங்கள் கல்யாணத்துக்கே வரவில்லை. அவர் முதல்முறையாக அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த ஞாயிற்றுக்கிழமையன்று, இவர் அடுப்பில் வைக்காமல் எலுமிச்சைச் சாற்றிலேயே பதப்படுத்திய மீனைப் பரிமாறப் போகிறேன் என்றார்.

கெஞ்சிப் பார்த்தேன். அப்பா அம்பத்தூரில் தகடு அடிக்கும் பட்டறையில் உழைத்து ஓய்ந்தவர். சுடச்சுடச் சோறும் குழம்பும்தான் அவருக்குச் சாப்பாடு. இவர் கேட்கவில்லை. கப்பலில் தனக்குப் பேர் வாங்கித் தந்தது இந்த மீன்தானாம். போன பயணத்தில் அங்கே இடது கை கிழிந்து, தையல் போட்டு ஊர் திரும்பியிருந்தார். காயம் ஆறிவிட்டது, அடுத்த மாதம் கப்பலேறுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பச்சையாகச் சாப்பிடும் மீனில் புழு இருந்தால் சாகட்டும் என்று, காசிமேட்டில் வாங்கிய கொடுவாவை ஒரு வாரம் ஃப்ரீசரில் கல்லாக இறுகவிட்டு, முந்தின நாள்தான் கீழ்த்தட்டில் இளகவைத்திருந்தார். அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து என்னிடம் மட்டும் பேசினார். நான் சமையலறையில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டே அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இவர் மீனை வெட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பிப் பார்த்தேன். பலகையில் ரத்தம். கத்தி நிற்கவில்லை.

"கையப் பாருங்க" என்றேன்.

வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் பார்த்தார். மோதிர விரலின் நுனி ஆழமாக வெட்டுப்பட்டிருந்தது. துணியைச் சுற்றி அழுத்திப் பிடித்தேன். வலிக்கவில்லையா என்று கேட்டதற்குக் குரலைத் தாழ்த்தி, "ரெண்டு விரல்ல ஒண்ணுமே தெரியல. கை கிழிஞ்சதுலேருந்தே இப்படித்தான்" என்றார்.

அப்பா சமையலறை வாசலில் நின்றிருந்தார். அன்றைக்கே சொன்னேனே என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"கம்பெனிக்குத் தெரியுமா?" என்று இவரைக் கேட்டார்.

"தெரியாது மாமா."

அப்பா ரத்தம் பட்ட துண்டுகளைக் குப்பையில் கொட்டினார். பலகையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவினார். தொடாமல் மிச்சமிருந்த பாதி மீனை எடுத்து வைத்துக்கொண்டு, "எவ்ளோ மெல்சா வெட்டணும்? சொல்லு" என்றார்.

இவர் சொல்லச் சொல்ல அவர் வெட்டினார். வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்துச் சாற்றை ஊற்றினேன். கண்ணாடி மாதிரி இருந்த சதை ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. ஒரு துண்டை வாயில் போட்ட அப்பா, புளிப்பு தூக்கல் என்றார். தட்டை மட்டும் தள்ளிவைக்கவில்லை.

கொஞ்சம் கழித்துக் கேட்டார். "அப்போ இன்னா, கப்பலுக்குப் போறியா?"

"போகமாட்டாரு" என்று நான் சொன்னேன். உணர்வில்லாத கையோடு, ஆடுகிற கப்பலில், கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் நிற்கப்போவதை என்னிடம்கூட மறைத்திருக்கிறாரே என்ற ஆத்திரம் எனக்கு.

அந்த வாரம் முழுக்க நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ஒரு காலையில் இவரே கம்பெனிக்கு ஃபோன் போட்டு, உள்ளதைச் சொல்லிவிட்டார். இப்போது பூந்தமல்லியில் ஒரு கேன்டீனில் சமையலை மேற்பார்வை பார்க்கிறார். கைப் பயிற்சிக்கு இவரை ஆஸ்பத்திரிக்கு அப்பாதான் ஸ்கூட்டரில் கூட்டிப்போகிறார். ஒரு விரலில் லேசாகக் குறுகுறுக்கிறது என்கிறார் இவர். இன்னொன்று அப்படியேதான் இருக்கிறது.