வெளி என்னும் பலகை

எங்கள் தூத்துக்குடிக் கடற்கரைப் பூங்கா ஐம்பூதக் கருத்தின்படி அமைக்கப்பெற்றது. நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றுக்குரிய பகுதிகளைக் கடந்தால் கடைக்கோடியில் வெறும் வட்டத்திடல் ஒன்று வரும். அதற்குச் செல்லும் பாதையில் 'வெளி' என்று பலகை நட்டிருக்கின்றனர்.

ஒரு மாலை, திரேஸ்புரத்து மீனவர் ஒருவர் ஊன்றுகோலுடன், நான் நின்றிருந்த அத்திடலுக்கு வந்து சேர்ந்தார். அகன்ற தோள், உப்புக்காற்றில் கறுத்த முகம். வாதத்தால் தளர்ந்த வலக்காலைச் சோம்பேறி வேலையாளை ஏவுவதுபோல், "ஏலே, வாலே!" என்று அதட்டியே நடத்தினார்.

"அண்ணாச்சி, வாசல் எங்கன இருக்கு? வெளின்னு போட்டிருந்துச்சே!"

"இது வெளியேறும் வழியன்று, ஐந்தாம் பூதமாகிய வெளி. இங்கே ஒன்றும் இராது என்பதே கருத்து" என்றேன்.

"ஒண்ணும் இராதா? அப்போ நாம ரெண்டு பேரும் எங்கன நிக்கோம்?"

இருவரும் சிரித்தோம். நெடுந்தொலைவு வீணே நடந்துவிட்டாரே என்றிரங்கி, தாங்கி அழைத்துச் செல்லக் கை நீட்டினேன். அவர் விலகிக்கொண்டார்.

"வேண்டாம் அண்ணாச்சி. ஆரும் தாங்காம நடந்தாத்தான் மவன் என்னைய மீன்பிடி வல்லத்துல ஏத்துவானாம்."

பின்பு குனிந்து தம் காலை நோக்கிக் கேட்டார்: "ஏலே, ஒண்ணுமில்லாத எடத்துக்கு இம்புட்டுத் தூரம் வந்துட்ட. வல்லத்துக்கு வரமாட்டியோ?"

அவர் மீண்டும் கடலுக்குச் சென்றாரா என்பதை நான் அறியேன். ஆயினும், அவ்வினாவுக்குப் பின் அந்தக் கால் அதட்டலின்றியே முன்னே எழுந்ததைக் கண்டேன்.