மிஸ்ரியாவின் வல்லாரைப் பாத்தி

மிஸ்ரியாவுக்கு வாய் நீளம். எனக்கு அதைவிட நீளம். அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போகிறது. பண்ருட்டியில் பத்து வருடம் முந்திரி உடைத்தவள். அதன் தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு விரலெல்லாம் வெந்து கறுத்திருந்தது. எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், நிலக்கரிச் சுரங்கத் தண்ணீர் ஓடும் வாய்க்காலோரம் வல்லாரை போட்டு வீடு வீடாக விற்க ஆரம்பித்த பிறகுதான் அந்தக் கை ஆறியது.

இந்த வருடம் ஆடு புகாமலிருக்க நெய்வேலிக் காட்டாமணக்கை ஒடித்து நெருக்கமாக வேலி நட்டாள். எங்கள் ஊர்ப் பெயரையே ஒட்டவைத்துக்கொண்ட செடி! சேற்றில் குச்சியைக் குத்தினால் போதும், ஆளுயரம் நிற்கும். ஆடு மோந்துகூடப் பார்க்காது. கழித்த தழையை வீணாக்குவானேன் என்று பாத்தி முழுக்கப் பரப்பினாள். களை வரவில்லை. வல்லாரையும் வரவில்லை. இருந்ததும் மஞ்சளாகிச் சுருண்டது.

"தண்ணியிலதான் கோளாறு" என்று அடித்துச் சொன்னேன். எனக்குத் தெரியாத விஷயம் உண்டா!

"இது வரலைன்னா மறுபடியும் முந்திரி ஒடைக்கத்தான் போவணும், பாப்பாக்கா" என்றாள்.

மறுநாள் காலையில் ஒரே கத்தல். "யக்கா, ஓடியாங்க!" வேலிக்கு வெளியே, எட்டத்தில், ஆடு இறங்காத வாய்க்கால் தண்ணீரில் பாதி அமிழ்ந்து கிடந்த, அவள் எப்போதோ நாலு வேரை ஊன்றி மறந்த உடைந்த வாளியில் வல்லாரை பொங்கி வழிந்தது.

"இதே சேறு, இதே தண்ணி. எப்படித் தழைச்சிக்கினு இருக்குது பாருங்க! முந்திரித் தோடு கொட்டுற எடத்துல புல்லு மொளைக்காதுக்கா. அதுமாதிரி இந்தத் தழையிலயும் ஏதோ இருக்குது, ஊறி எறங்கி வேரைக் கருக்குது. பத்தாததுக்கு வெயிலையும் சத்தையும் வேலியே முழுங்கிக்கினு நிக்குது!"

நான் வாயை மூடிக்கொண்டேன். அதைப் பார்த்து என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

மூன்று பேருமாக வேலியை வேரோடு பிடுங்கினோம். தழையை வாரி, மேல்மண்ணைச் சுரண்டி, நாலைந்து தடவை தண்ணீர் பாய்ச்சி வடித்துவிட்டு, வாளி வல்லாரையைப் பிரித்து நட்டோம். ஆட்டுக்கு என்ன செய்வது? போன மாதம்தான் சுரங்க வேலையிலிருந்து ரிட்டயரான என் வீட்டுக்காரர் நாற்காலியும் கம்புமாக வந்து உட்கார்ந்தார்.

"இனிமே எனக்கு இங்கதான் ஷிப்ட்" என்றார்.

இரண்டு மாதம் கழித்துப் பண்ருட்டி முந்திரி கம்பெனியிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டு போன் வந்தது. மிஸ்ரியாவின் கையெல்லாம் சேறு. நான்தான் போனை அவள் காதில் வைத்துப் பிடித்தேன்.

"வர முடியாதுங்க" என்றாள். "வல்லாரை அறுத்துக்கினு இருக்கறேன்."