சுரங்கத்து மெழுகுவர்த்தி இரண்டு

பிளேக் வந்த வருஷம் என் மகனுக்கு மூன்று வயது. இரண்டே நாள் காய்ச்சல், போய்விட்டான். அதிகாரிகள் ஒரு மணி நேரம்கூட உடலை வீட்டில் வைக்க விடவில்லை. என் வீட்டுக்காரர் ஷிப்டு முடிந்து சுரங்கத்திலிருந்து மேலே வந்தபோது, புதைத்த மண் காயத் தொடங்கியிருந்தது. கடைசியாக ஒரு தடவை பிள்ளையின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே கத்தித் தீர்த்தேன்.

அப்புறம் வந்தது கல்லறைத் திருநாள். அன்று பிற்பகல் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிப்பார். முந்தின நாளே மாதா கோயிலில் கல்லறைக்கு ஒரு மெழுகுவர்த்தி கொடுப்பார்கள். மோட்சம் போகுமுன் பாவம் தீர உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்கும் ஆத்துமாவுக்கு அந்த ஒரு நாளாவது வெளிச்சம் கிடைக்கும் என்று எங்களுக்கு நம்பிக்கை. நானும் போய்க் கை நீட்டினேன். சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் தரவில்லை.

"உம் புள்ள ஞானஸ்நானம் வாங்கின பச்சப்புள்ளம்மா. நேரா மோட்சத்துக்குப் போயிருப்பான். அவனுக்கு இன்னாத்துக்கு வெளிச்சம்?"

எனக்கு வந்ததே கோபம்! "இருட்டுன்னா அலறுவான் எம் புள்ள. மோட்சத்துல இருட்டே கெடையாதுன்னு நீங்க போய்ப் பாத்துட்டு வந்தீங்களா?"

வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் விடுவிடுவென்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் சுரங்கத்துக்குள்ளே மாட்டுக் கொழுப்பில் செய்த மெழுகுவர்த்தி வெளிச்சம்தான். ஒரு ஷிப்டுக்கு மூன்று. கம்பெனியில் முந்தின நாளே கொடுத்துவிடுவார்கள். களிமண் உருண்டையில் செருகிப் பாறையில் ஒட்டிக்கொண்டு வேலை செய்வார்கள். அவருடைய சோற்று மூட்டையோடு மூன்றையும் சேர்த்துக் கட்டுவது என் வேலை. திருநாள் காலையில் ஒன்றை மட்டும் கட்டினேன். குறைந்தால், கூட வேலை செய்பவர்கள் கொடுக்கமாட்டார்களா என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிற்பகல் மற்ற இரண்டையும் மகனின் கல்லறைத் தலைமாட்டில் களிமண் வைத்து ஏற்றினேன். தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண் மேட்டிலிருந்து காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. மற்றக் கல்லறைகளில் சுடர் ஆடியது, அணைந்தது, மறுபடி ஏற்றினார்கள். என் இரண்டும் அசையவில்லை. யாரோ உட்கார்ந்து கை வைத்து மறைத்ததைப் போல நேராக நின்று எரிந்தன. பூமிக்கடியில் வெடி வைத்த அதிர்வு மட்டும் உள்ளங்காலில் தெரிந்தது.

சாமியாருக்குப் பின்னால் தீர்த்தச் செம்போடு வந்த உபதேசியார் நின்றார். கொழுப்பு நாற்றத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னாம்மா இது, சொரங்கத்து வத்தியா? அப்ப உன் வூட்டுக்காரரு கீழ எத்த வெச்சிக்கினு வேல செய்வாரு?"

சட்டென்று ஒன்றை விரலால் நசுக்கி அணைத்தேன். விரல் சுட்டது. அதே நேரம் என் முதுகுக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். என் பிள்ளைக்கு எந்நேரமும் மூக்கு ஒழுகும், அதே சத்தம். திரும்பினேன். பக்கத்தில் ஒரு குழந்தையும் இல்லை. இன்னொன்றை அணைக்கக் கை வரவில்லை. அணைத்ததை மடியில் செருகிக்கொண்டு ஓடினேன்.

நான் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஷிப்டு முடிந்து, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்துகொண்டிருந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அவரைக் காணோம்.

"அவர மட்டும் கீழ ஆளில்லாத பழைய லெவலுக்குச் சாமான் எடுத்தாரச் சொல்லி மேஸ்திரி அனுப்பிட்டாரு," என்றார் ஒருவர்.

தனியாக! ஒரே மெழுகுவர்த்தியோடு! அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கம்பெனிப் பொருளை எடுத்தது தெரிந்தால் அவருக்கு வேலை போய்விடும் என்ற பயம். ஊரையே ஏசுகிற என் வாய்க்கு அன்றைக்குப் பார்த்துப் பூட்டு விழுந்தது. மாதாவே, மாதாவே என்று வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இன்னும் இரண்டு கேஜ் வந்த பிறகு அவர் வந்தார். முழங்கால் கிழிந்து ரத்தம் வழிந்தது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

"வத்தி தீந்துபோச்சும்மே. மிச்சத்த நீ கட்ட மறந்துட்டன்னு நெனச்சேன். கும்மிருட்டு. வழி தெரியாம குந்திட்டேன். அப்ப தூரத்துல ரெண்டு வெளிச்சம். ஆள் உசரத்துல இல்ல, இடுப்புக்குக் கீழ. யாருன்னு கேட்டேன். மூக்கு உறியற சத்தம் மட்டும் கேட்டுது."

தண்ணீர் மொண்ட என் கை அப்படியே நின்றது.

"பின்னாலயே போனேன். கிட்ட போயிட்டேம்மே, இன்னும் நாலே அடி. மொகம் தெரியப் போவுது, அப்ப பாத்து ஒண்ணு அணஞ்சிடுச்சி. புடிக்கப் பாஞ்சேன், விழுந்துட்டேன். எழுந்து பாத்தா ஒத்த வெளிச்சம், எங்கியோ தூரத்துல. அதப் பாத்துக்கினே கேஜுக்கு வந்து சேந்தேன்."

பிள்ளை செத்தபோது அழாத மனுஷன், அன்றைக்குத் தேம்பித் தேம்பி அழுதார்.

"அது மட்டும் அணையாம இருந்திருந்தா, அவன் மொகத்தப் பாத்திருப்பேம்மே."

பாதி எரிந்த மெழுகுவர்த்தி என் மடியில் குத்திக்கொண்டிருந்தது. சுட்ட விரலோடு அவர் முழங்காலைக் கழுவினேன்.

அந்த வாரமே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மெழுகுவர்த்தி திருடியதைச் சொன்னேன். சாமியார் மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்லி மன்னித்துவிட்டார். ஒன்றை அணைத்ததைச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடமும் இன்றுவரை சொல்லவில்லை.