ராணி மேல் இனி யாரும் ஏற முடியாது

விடாமல் பெய்த மழை இன்று காலைதான் சற்று ஓய்ந்தது. நானும் என் மச்சான் ஏழுமலையும் மாமல்லபுரம் கடற்கரையில் சவாரிக்கு விடும் ராணி, கொட்டகைச் சேற்றில் புரண்டு, வெள்ளைக் குதிரை என்றே தெரியாமல் நின்றிருந்தாள்.

குளிரில் அவள்மேல் தண்ணீர் ஊற்ற மனம் வரவில்லை. காய்ந்த சேற்றைத் தேங்காய் நாரால் தேய்த்தே உதிர்த்தோம். முன்னங்காலைத் தொட்டபோது மட்டும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"குளுருது மச்சான், அதான். ஏறி ஒரு ரவுண்டு போய்ட்டு வா, சரியாப்பூடும்," என்றான் ஏழுமலை.

ஏறினேன். ஈர மணலில் கொஞ்ச தூரம் போனதும் ராணி தடுமாறி நின்றுவிட்டாள். இறங்கி, நடத்தியே கூட்டி வந்தேன்.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். "மூட்டு தேஞ்சிடுச்சு. இனிமே மேல யாரும் ஏறக் கூடாது."

"மருந்து எதுனா கீதுங்களா சார்?" என்றான் ஏழுமலை.

"வலிக்குத் தரலாம். ஓடவெல்லாம் முடியாது."

ராணி ஓடினால்தான் அவளுக்குத் தீனி, எங்களுக்குச் சோறு. யாராவது அவளை வைத்துக்கொள்வார்களா என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். எல்லோரும் முதலில் கேட்டது, "நல்லா ஓடுமா?"

சும்மா நிற்கிற குதிரையை வளர்க்க யாருக்காவது ஆசை இருந்தால் கீழே சொல்லுங்கள். லைக் மட்டும் போடாதீர்கள், அதை ராணி தின்ன மாட்டாள்.