லாமியாவின் பேச்சை வெட்டியவன்

கீழக்கரை லாமியாவின் முகத்தை வெளியாள் பார்த்ததில்லை. ஆனால் அவள் குரலைக் கேட்காத வளைகுடாக்காரர்கள் குறைவு. வீடியோ கேம்களை விளையாடிப் பார்த்து, வாய்க்கு வந்தபடி திட்டி யூடியூபில் போடுவாள். தோஹாவில் இருக்கும் புருஷன் சுஐபுதான் அதை வெட்டி ஒட்டி ஏற்றுவான்.

கோட்டைச் சுவரில் தாவி வாள் வீசும் ஒரு பெண்ணின் கேம். அதன் முதல் பாகத்தைப் பார்த்தாலே லாமியாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பொத்தானை அமுக்கினால் அந்த மகராசி யோசித்துவிட்டுத்தான் குதிப்பாள். பள்ளத்தில் விழுந்தால் மறுபடி கோட்டை வாசலிலிருந்து தொடங்க வேண்டும். இதைச் செய்தவன் ஒரு தடவையாவது விளையாடிப் பார்த்தானா என்று காறித் துப்பாத குறையாகப் பேசினாள். பாட்டு மட்டும் அருமை என்று நியாயமாகச் சொன்னதைச் சுஐபு நறுக்கிவிட்டான். பெரிய சண்டைக்குப் பிறகு, இனிமேல் கேட்காமல் வெட்டுவதில்லை என்று சத்தியம் செய்தான்.

இரண்டாம் பாகம் வந்தது. திட்டத் தயாராக உட்கார்ந்தவளுக்குத் திட்ட ஒன்றும் அகப்படவில்லை. நினைத்த நொடியில் குதிக்கிறாள், அந்தரத்தில் திரும்புகிறாள். விழுந்தால் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே எழுகிறாள். எதிரி வாளை ஓங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, ஆகவே செத்தால் தப்பு நம்முடையது. லாமியா மனசாரப் புகழ்ந்து பேசி அனுப்பினாள்.

ஏர்வாடியில் வாக்கப்பட்ட தோழி குல்சும் கால் முறிந்து கட்டிலில் கிடந்தாள். அவள் புருஷன் வளைகுடாவிலிருந்து லீவில் வரவிருந்தான். பெட்டி கட்டுவதற்கு முன்னால் சொன்னால்தான் சாமான் வரும். கட்டிவிட்டால் அடுத்த லீவுதான். லாமியா நல்லது என்றால் அந்த இரண்டாம் பாகத்தை வாங்கிவரச் சொல்வதாகக் குல்சும் இருந்தாள்.

ஒரு நாள் குல்சும் லாமியாவுக்குப் போன் செய்தாள்.

"நல்லவேளை புள்ள, வேணாம்னு சொல்லிட்டேன். பெட்டியும் கட்டியாச்சு. நீதான் அந்தக் கிழி கிழிச்சிருந்தியே!"

லாமியா யூடியூபைத் திறந்தாள். ஓடுவது இரண்டாம் பாகத்தின் படம். கேட்பது முதல் பாகத்துக்கு அவள் பேசிய வசவு. புகழ்ந்ததில் ஒரு சொல் இல்லை. உடனே தோஹாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

சுஐபு போனில் சிரித்தான். "நீ திட்டினாத்தான் பாக்குறாங்க. நல்லாருக்குன்னா எவன் பாப்பான்?"

"அழுகின மீன நல்ல மீனுன்னு விக்கிறவனப் பாத்திருக்கேன். நல்ல மீன நாறுதுன்னு சொல்றவர இப்பத்தான் பாக்குறேன். ச்சீ!"

"சரி விடு. அடுத்த வாட்டி கேட்டுட்டே வெட்டுறேன்."

"போன வாட்டியும் இதேதான் சொன்னீங்க. கேமு செஞ்சவனுக்கு என்னைய யாருன்னே தெரியாது மச்சான். அவனே பழைய தப்பை ஒண்ணு விடாமத் திருத்திட்டான். நீங்க என்னையக் கட்டிக்கிட்டவரு."

லாமியா போனை வைத்துவிட்டு, இரண்டாம் பாகத்தோடு கேம் மெஷினை வயரோடு சுருட்டிப் பையில் போட்டு, குல்சும் விளையாடட்டும் என்று ஏர்வாடி பஸ் ஏறினாள். சுஐபின் சேனலுக்கு அவள் பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசிக் கொடுக்கவில்லை.