கஞ்சி ஆற்றும் மூச்சு

புக்கிட் பாரு கிளினிக்கில் நர்ஸ் பெண் ஒருத்தி எனக்கு மூச்சுப் பயிற்சி காட்டினாள். "மூக்கால மெதுவா இழுங்க பாட்டி. வாயக் குவிச்சு, இழுத்ததவிட நீளமா ஊதுங்க. மருந்த விட்டுடாதீங்க, இது அதோட சேத்துச் செய்யறது" என்றாள். தலையாட்டிவிட்டு வந்தேன். ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் பரண்மேல் படுத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது எங்களுக்குக் காஜா பெராங்கில் பலகை வீடு, அத்தாப்பு ஓலைக் கூரை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. வெள்ளைக்காரன் இருந்தவரை டிஸ்பென்சரியில் மருந்து கிடைத்தது. பிறகு அங்கே வெறும் போத்தல்தான். அப்பா எங்கெங்கோ கேட்டு அலைந்துவிட்டு வெறுங்கையோடு வருவார். என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

சாப்பாடு மரவள்ளிக் கஞ்சி. ஆறினால் பசைபோலக் கட்டிவிடும், அதனால் சுடச்சுட ஊதி ஊதிக் குடிப்போம். எனக்கு மூத்தவள் ஒரே அக்கா. வாய் சும்மா இருக்காது.

"நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி வளக்கிறியாடி? கஞ்சி ஊதறப்ப மட்டும் அது தூங்கிடுதே!"

"நீதான் திருட்டுப் பூனை" என்பேன். சிரித்தால் இழுப்பு கூடும். அம்மா இரண்டு பேரையும் அதட்டுவாள்.

ஜப்பான்காரர்கள் வயசுப் பெண்களைக் கொண்டுபோகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அக்காவுக்கு முடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். லாரிச் சத்தம் கேட்டால் நாங்கள் இருவரும் பரணில் ஏறிச் சாக்குகளுக்குப் பின்னால் படுத்துவிட வேண்டும். அம்மா ஏணியை எடுத்து வெளியே போட்டுவிடுவாள்.

அந்தியானால் எல்லா வீட்டிலும் தேங்காய் மட்டையைச் சட்டியில் கொளுத்தி, வேப்பிலை போட்டு, கொசுவுக்குப் புகை போடுவார்கள். அந்தப் புகை நெஞ்சுச் சளிக்கும் நல்லது என்று அம்மா நம்பினாள். எனக்கென்று இன்னொரு கை இலை அள்ளிப் போடுவாள். அன்றைக்கும் போட்டாள். அப்பா குருபோங் பக்கம் மரவள்ளி பிடுங்கப் போயிருந்தார். லாரி எங்கள் சந்திலேயே வந்து நின்றது.

பரணில் ஏறினோம். புகையும் எங்களோடு ஏறியது.

கூரைக்கடியில் அது போக வழியில்லை. என் நெஞ்சு அடைத்துக்கொண்டது. உள்ளேயிருந்து விசில் மாதிரிச் சத்தம். அக்காவின் கை என் வாய்வரை வந்து நின்றது. பொத்தினால் நான் செத்துப்போவேன். பொத்தாவிட்டால் அவளைக் கொண்டுபோவார்கள்.

கீழே பூட்ஸ் சத்தம். பலகை இடுக்கில் பார்த்தேன். ஒரு சிப்பாய் பரணை அண்ணாந்து பார்த்தான். அம்மா சட்டென்று மாரைப் பிடித்துக்கொண்டு இழுக்க ஆரம்பித்தாள், அச்சாக என்னைப் போலவே. "சாக்கிட், துவான், சாக்கிட்" என்று தனக்கு நோய் என்று மலாயில் கெஞ்சினாள்.

"டியாம்!" என்று அவன் கத்தினான்.

அம்மா வாயை மூடிக்கொண்டாள். இனி என் சத்தம் மட்டும்தான் மிச்சம்.

அக்கா என் காதில் உதட்டை வைத்தாள். "கஞ்சி சுடுதுடி. ஊது."

ஊதினேன். உள்ளே காற்றே இல்லாத மாதிரி இருந்தது. இழுத்துக்கொள்ளத்தான் உயிர் துடித்தது. "இழுக்க அவசரப்படாத. இன்னும் ஊது, மெதுவா." அவளும் கூடவே என் கன்னத்தில் சத்தமில்லாமல் ஊதினாள். அவள் மூச்சின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு என் மூச்சும் நடந்தது. நெஞ்சுமேல் வைத்த கல் அப்படியேதான் இருந்தது. விசில் மட்டும் அடங்கியது.

சிப்பாயும் புகை ஏறி இருமினான். மட்டைச் சட்டியைக் காலால் எத்திவிட்டு, கொல்லைக் கோழிகளைப் பிடித்துக்கொண்டு லாரியில் ஏறினான்.

அம்மா முதலில் ஏணியை எடுக்கவில்லை. குடத்துத் தண்ணீரை அந்த நெருப்பில் கொட்டினாள். அப்புறம்தான் எங்களை இறக்கினாள்.

மறுநாள் அந்தியில் பக்கத்து வீடுகளில் புகை எழும்பியது. எங்கள் வீட்டில் இல்லை. கொசு பிய்த்துத் தின்றது. நான் கஞ்சியை ஊதினேன். அக்கா பூனைக்குட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தன் கஞ்சி ஆறிப் பசையாவதுகூடத் தெரியாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.